பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்ற பேராசிரியர்

(அவிநாசியில் வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு கொலை நடக்கிறது. கொன்றவனைப் பிடிக்கக் காவல்துறை இருக்கிறது. அவனுக்காக வாதாட வக்கீல் இருக்கிறார். அவனிடம் பணம் இல்லையென்றால் அரசே வக்கீல் வைத்துக் கொடுக்கிறது. இறந்தவனின் மனைவிக்கு யார் இருக்கிறார்? சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். சொல்லி முடித்தால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பார் உண்டா?

இந்தக் கேள்வியையே தன் பணியாக எடுத்துக்கொண்டவர் பேராசிரியர் கே. சொக்கலிங்கம். சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையின் தலைவராக இருந்தவர். பின்னர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ஆனார். குற்றவாளியை மட்டுமே ஆராய்ந்துகொண்டிருந்த படிப்பில், பாதிக்கப்பட்டவரையும் பாருங்கள் என்று வலியுறுத்தினார்.

பாதிக்கப்பட்டோருக்கு நீதி கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1985இல் பிரகடனம் செய்தது. அந்த நோக்கத்துக்காக இந்தியாவில் 1992இல் தொடங்கப்பட்ட சங்கத்துக்கு இவரே நிறுவனத் தலைவர். அச்சங்கம் 1996இல் ஒரு மசோதாவையே தயாரித்து மத்திய அரசிடம் கொடுத்தது. இழப்பீட்டுத் திட்டம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவாகச் சேர்ந்து நடைமுறைக்கு வந்ததோ 2009 டிசம்பர் 31இல்! பதின்மூன்று ஆண்டுகள்! நியாயமான கோரிக்கைக்கும் பொறுமை வேண்டும், சகோதரர்களே.

கோவையை நாம் மறக்க முடியுமா? 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போயின. இரு பக்கமும் பெண்கள் விதவையானார்கள். அந்தக் கண்ணீரில் மதம் பார்ப்பது நீதியாகுமா?

இன்று அந்த 357ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396ஆம் பிரிவாக இருக்கிறது. குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நடக்காமல் போனாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்தவர்களோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கலாம். இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். தொண்ணூறு நாளுக்குள் புலன் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று காவல்துறை தெரிவிக்க வேண்டும்.

உரிமை ஏட்டில் இருக்கிறது. எடுத்துக் கொடுக்க ஆள் எங்கே?

இளைஞர்களே! ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரண்டு பேர் முன்வாருங்கள். மனு எழுதவும், திருப்பூர் நீதிமன்றத்துக்கு உடன் செல்லவும் பழகுங்கள். வணிகர்களே! அவர்களின் பஸ் செலவையும் ஜெராக்ஸ் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உதவி கேட்டு வருபவர் எந்தத் தெரு, எந்த மதம் என்று கேட்காதீர்கள். பேராசிரியரின் சங்கம் போராடிய உரிமை, நம் ஊர் ஏழையின் கைக்கு வந்து சேர அதுவே வழி.