கண்ணாடி நம்பிக்கைகள்

இராசபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு. நான் சிறுவனாயிருந்த நாளில், ஆடிப்பூரத் தேரோட்டம் காண எங்கள் தெருவார் விடியுமுன் புறப்பட்டு, அந்தத் தொலைவை நடந்தே கடப்பர். 1969-ஆம் ஆண்டென்று நினைவு. எனக்கு ஒன்பது வயது. என் தந்தையாருடன் பிறந்த அத்தை என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். கூட்டத்தில் நெருக்குண்டு ஆண்டாள் சந்நிதியைச் சேவித்தபின், அத்தை என்னைக் கோயிலுக்குள்ளிருக்கும் கண்ணாடிக் கிணற்றருகே கொண்டு போய் நிறுத்தினார். அங்கே அவர் குனிந்து உள்ளே நோக்கினார். மற்றவர்கள் நோக்கிய நேரத்தைவிடச் சற்று அதிக நேரம் நோக்கினார்.

"என்னத்தை அத்தை பாக்குறீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல ராசா. தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு பாத்தேன்" என்றார்.

மாணவ மாணவியரே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கண்ணாடியைப் பற்றி மக்கள் கொண்டுள்ள நம்பிக்கைகள். அத்தையின் விடையை அப்படியே வைத்துவிட்டு, முதலில் அந்தக் கிணற்றின் கதையைச் சொல்லுகிறேன்.

வடபத்ரசாயிப் பெருமாளுக்குப் பெரியாழ்வார் நாள்தோறும் மாலை தொடுத்து வைப்பார். அவர் வளர்த்த மகள் கோதை, அம்மாலையைத் தந்தை அறியாமல் எடுத்துத் தன் கழுத்தில் சூடி, இறைவனுக்கு நாம் ஏற்றவளா என்று தன் உருவைப் பார்த்துக்கொள்வாள். பிறகு மாலையைக் கழற்றிப் பழையபடியே வைத்துவிடுவாள். அவள் கண்ணாடியில் பார்த்தாள் என்று சொல்வோர் உண்டு. கிணற்று நீரில் பார்த்தாள் என்று சொல்வோரும் உண்டு. ஊரார் காட்டுவது கிணற்றைத்தான். ஒரு நாள் தந்தை இதைக் கண்டு மனம் நொந்து, அந்த மாலையைச் சாத்தாமல் விட்டார். அவள் சூடிக் களைந்த மாலையே தமக்கு உகந்தது என்று பெருமாள் உணர்த்தினார் என்பது வரலாறு. 'சூடிக் கொடுத்த சுடர்க்கொடி' என்ற பெயர் இதனால் வந்தது. அவள் சூடிய மாலை இன்றும் திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் இங்கிருந்து செல்லுகிறது. திருப்பாவையின் இருபதாம் பாசுரத்தில் ஆயர் சிறுமியர் நப்பின்னையிடம் விசிறியோடு சேர்த்துக் கேட்கும் பொருளும் கண்ணாடியே. ஆண்டாள் அதைத் 'தட்டொளி' என்கிறாள். தட்டுப்போலிருந்து ஒளி தருவது. உலோகத்தைத் தேய்த்துப் பளபளக்கச் செய்த கண்ணாடி. 'ஆடி' என்பதும் கண்ணாடிக்குப் பழந்தமிழ்ப் பெயர்தான். ஆடி மாதத்துக்கும் இதற்கும் உறவு கற்பிக்க வேண்டா. எங்கள் ஊர்ப் புலவர் ஒருவர் கற்பிப்பார், நான் வாளாவிருந்துவிடுவேன்.

மனிதனின் முதற் கண்ணாடி நீர்தான். பிறகு கல் வந்தது. துருக்கி நாட்டிலுள்ள சாட்டால்ஹோயுக் என்னும் பழைய குடியிருப்பில், எரிமலைக் கண்ணாடிக் கல்லைத் தேய்த்து ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த ஆடிகள் கிடைத்துள்ளன. அதற்குப் பின் செம்பும் வெண்கலமும் வந்தன. கேரளத்து ஆறன்முளையில் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாட்கணக்கில் தேய்த்துச் செய்யும் உலோகக் கண்ணாடி இன்றும் உயிரோடிருக்கிறது. நம் வீட்டுக் கண்ணாடியில் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் அதன் நிழலுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி தெரியும். ஆறன்முளைக் கண்ணாடியில் அவ்விடைவெளி இராது, முகப்பே ஒளியைத் திருப்புவதால். அக்கம்மியர்களின் முன்னோர் நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி.

தன் முகத்தைத் தானே காண இயலாத பிறவி மனிதன். காட்டும் பொருள் ஒன்று கிடைத்தபோது அவனுக்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே உண்டாயின. கிரேக்க நாட்டில் பாட்ராஸ் என்ற ஊரிலே டிமீட்டர் தெய்வத்தின் கோயிலையடுத்து ஓர் ஊற்று இருந்தது. நோயாளியின் உறவினர் மெல்லிய கயிற்றில் ஒரு கண்ணாடியைக் கட்டி, அதன் விளிம்பு நீரைத் தொடுமளவுக்கு இறக்குவர். தெய்வத்தை வேண்டித் தூபமிட்டுப் பின் கண்ணாடியை நோக்கினால், நோயாளி பிழைப்பானா மாட்டானா என்பது அதில் தெரியும் என நம்பினர். பாசேனியஸ் என்ற பயணி இதை எழுதி வைத்திருக்கிறார். கிணறும் கண்ணாடியும் அங்கும் ஒன்று சேர்ந்திருப்பதைப் பாருங்கள். நம்மூர்களில் களவு போன நகைக்காக வெற்றிலையில் மை தடவிப் பார்த்தார்களே, அதுவும் இதன் தம்பிதான். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள், 'புகையும் கண்ணாடி' என்றே ஒரு தெய்வத்துக்குப் பெயரிட்டனர். அவர்கள் நாட்டுக் கருங்கண்ணாடி ஒன்று எப்படியோ கடல் கடந்து, இங்கிலாந்தின் எலிசபெத் அரசியார் காலத்து ஜான் டீ என்ற அறிஞரிடம் சேர்ந்தது. அவர் அதில் ஆவிகளைக் காண முயன்றார் என்பர். அந்தக் கல் மெக்சிகோவின் பச்சூக்கா மலைப்பகுதியைச் சேர்ந்தது என்று 2021-ஆம் ஆண்டின் ஆய்வு உறுதி செய்தது. ஜப்பானில் கதிரவன் தேவி சினந்து குகைக்குள் ஒளிந்தபோது, அவளை வெளியே வரச் செய்த பொருள்களுள் கண்ணாடியும் ஒன்று. அது ஈசே ஆலயத்தில் இருப்பதாகக் கொண்டாடுகின்றனர்; பார்க்க எவருக்கும் அனுமதியில்லை. சீனர் எண்கோணப் பலகையில் கண்ணாடி பதித்துத் தலைவாசலில் மாட்டுவர். நம் தெருக்களில் திருஷ்டிக்காக மாட்டுவதும் அவ்வாறே.

இனி, நம் வீடுகளில் வழங்கும் இரண்டு நம்பிக்கைகளைச் சற்று நின்று பார்ப்போம்.

'விளக்கு வைத்தபின் கண்ணாடி பார்க்காதே' என்று பாட்டிமார் சொல்வார்கள். இதை வெறும் பேச்சென்று நெடுநாள் எண்ணியிருந்தேன். 2010-இல் ஜியோவானி கபுட்டோ என்ற இத்தாலியப் பேராசிரியர் ஒரு சோதனை நடத்தினார். மங்கிய ஒளியுள்ள அறையில் ஐம்பது பேரைத் தனித்தனியே கண்ணாடியின் முன் அமர்த்திப் பத்து நிமிடம் தம் முகத்தையே உற்றுப் பார்க்கச் செய்தார். பலருக்குத் தம் முகம் கோணலாய் மாறிற்று. சிலருக்கு அறியாதவர் முகம் தெரிந்தது. இறந்த பெற்றோரையும் விலங்கையும் கண்டவர்கள் உண்டு. மங்கிய ஒளியில் கண் ஒரே இடத்தில் நிலைத்தால், உருவின் சில பகுதிகள் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றன. நழுவியதை மூளை தன் போக்கில் இட்டு நிரப்புகிறது. அகல் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்த எங்கள் பாட்டி எதையோ கண்டு அஞ்சியிருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது. பேய் என்று அவர் சொன்னது பிழை. ஆனால் அவர் எதையும் காணவில்லை என்று நான் சொன்னதும் பிழையே.

மற்றது உடைந்த கண்ணாடி. ஐரோப்பாவில் கண்ணாடி உடைந்தால் ஏழாண்டுக் கேடு என்பர். வெனிஸ் நகரை அடுத்த முரானோத் தீவினர் பளிங்கின் பின்புறம் வெள்ளீயமும் பாதரசமும் பூசிக் கண்ணாடி செய்த காலத்தில், அது செல்வர் வீட்டுப் பொருளாக இருந்தது. அதை உடைப்பது மெய்யாகவே பெருங்கேடுதான். 1835-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக், பளிங்கின்மீது வெள்ளியைப் படியச் செய்யும் முறையைக் கண்டார். அதன் வழியே கண்ணாடி மலிவாகிச் சந்தைக்கு வந்தது. பொருள் மலிந்தது, அச்சம் மலியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள். நன்றாகப் படிக்கும் ஒரு பெண் வரவில்லை. மணி ஒன்பது. வீடு அருகில்தான், நானே சென்றேன். தாயார் வாசலிலேயே மறித்தார்.

"தலைவாரும்போது கண்ணாடி கைதவறி உடஞ்சிருச்சு சார். சகுனம் சரியில்ல. பிள்ளைய இன்னைக்கு அனுப்ப மாட்டேன்."

பெண் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது. லீபிக்கையும் முரானோவையும் அங்கே எடுத்துரைக்க நேரமில்லை. "அம்மா, எலுமிச்சம்பழம் இருந்தால் சுற்றிப் போடுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றேன். அவரும் சுற்றிப் போட்டார். பெண்ணை என் வண்டியில் ஏற்றித் தேர்வுக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். பகுத்தறிவு பேசும் என் நண்பராகிய கணித ஆசிரியர், ஒரு மூடநம்பிக்கையை இன்னொன்றால் விலைக்கு வாங்கினீர் என்று என்னைக் கடிந்தார். அவர் சொன்னது நியாயமே. ஆயினும் அன்றைய தமிழ்த் தாளை அவள் எழுதினாள்.

இவ்விரு நம்பிக்கைகளுக்கும் பின்னால் ஏதோ ஒரு காரணம் கண்ணாடியிலேயே இருந்தது: ஒன்றுக்கு இருட்டு, மற்றொன்றுக்கு விலை. காரணம் எதுவும் கண்ணாடியில் இல்லாத ஒரு நம்பிக்கையும் நம்மிடை இருந்தது. கணவனை இழந்த பெண் கண்ணாடி பார்க்கலாகாது என்பது அது. எல்லா வகுப்பாரிடமும் ஒரே கடுமையோடு இருந்ததன்று; எங்கள் வீட்டில் இருந்தது. என் அத்தைக்கு மணமாகி இரண்டாண்டில் கணவர் இறந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர் எங்களுடனேயே வாழ்ந்தார். கூடத்துச் சுவரில் பெல்ஜியம் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. அதைக் கடக்கும்போது அத்தை முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு நடப்பார். யாரும் அவரை அதட்டி நான் கேட்டதில்லை. அதட்டத் தேவையில்லாதபடி அது அவருடைய கழுத்துக்கே பழகிவிட்டிருந்தது. சித்திரை முதல் நாள் விடியலில் கனியும் பூவும் பொன்னும் பரப்பிய தட்டின் நடுவே கண்ணாடி வைத்து, வீட்டார் ஒவ்வொருவராகக் கண்விழிப்போம். அந்தத் தட்டை முதல் நாள் இரவே அழகுற அடுக்கி வைப்பவர் அத்தை. அதில் விழிப்பவர்களில் அவர் இல்லை.

கண்ணாடி மனிதனிடமிருந்து முகத்தைப் பறிக்கவும் செய்தது, திருப்பித் தரவும் செய்தது. சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் வழியினர், சிலையின் இடத்தில் கண்ணாடியை வைத்து, எதிரே விளக்கேற்றி வழிபடுகின்றனர். அவர் வாழ்ந்தது 1809 முதல் 1851 வரை. அவரைப் பின்பற்றியவர்கள், கோயில் வாசலைக்கூட நெருங்க விடப்படாத எளிய மக்கள். சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் ஸ்ரீ நாராயண குரு 1927-இல் ஒரு கண்ணாடியையே பிரதிட்டை செய்தார். சந்நிதிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவன், தெய்வம் இருக்க வேண்டிய இடத்தில் தன் முகத்தைக் கண்டான். வரலாற்றுப் பாடத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆடிப்பூரத்தன்று கிணற்றின்மேல் குனிந்து நின்ற அத்தையின் நினைவு வரும். அந்த ஒரு கிணற்றை எட்டிப் பார்க்கலாகாது என்று எந்தக் கட்டுப்பாடும் அவருக்குச் சொல்லவில்லை. ஆண்டாள் பார்த்த கிணறல்லவா?

1981-இல் ஆசிரியர் பயிற்சி முடித்து ஊர் திரும்பினேன். சவரம் செய்துகொள்ள ஒரு சிறு கண்ணாடி வாங்கி, கொல்லைப்புறத்தில் கிணற்றடிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அத்தை அங்கேதான் நாள் முழுதும் நீர் இறைப்பதும் பாத்திரம் துலக்குவதும். நான் ஆறடி உயரம், அத்தை குள்ளம். ஆணியை அத்தையின் முகத்துக்கு நேராக அடித்திருந்தேன்.

"இம்புட்டுத் தாழக்க மாட்டியிருக்கயே, நீ எப்படிச் சவரம் பண்ணுவ?" என்றார் அத்தை.

"குனிஞ்சு பண்ணிக்கிறேன் அத்தை" என்றேன்.

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. கிணற்றடிக் கண்ணாடியில் தண்ணீர் தெறித்துத் தெறித்துப் புள்ளி விழும். ஆனால் காலையில் நான் போகும்போது அது எப்போதும் துடைத்துத்தான் இருக்கும். பதினோராண்டு நான் குனிந்தே சவரம் செய்துகொண்டேன்.