மீறுதலும் காட்டிக் கொடுத்தலும்

ஒரு சொல்லின் பொருளை ஐயமற அறிய வேண்டுமானால் அதன் எதிர்ச்சொல்லைக் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் நாள்தோறும் கையாளும் வழி இது. ஆங்கிலத்தில் 'பிட்ரே', 'டிஃபை' என்னும் இரு வினைகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

'பிட்ரே' என்பதன் வேர், 'கையளித்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையாகும். நண்பனைப் பகைவன் கையில் ஒப்படைப்பதே அதன் முதற்பொருள். இதற்கு எதிர்ச்சொல் 'ஸ்டாண்ட் பை', அதாவது உடன் நிற்றல். இனி, 'அவன் குரல் அவனது அச்சத்தை பிட்ரே செய்தது' என்றால், அங்கே துரோகம் ஏதும் இல்லை. உள்ளே இருந்தது வெளிப்பட்டது, அவ்வளவே. இதற்கு எதிர்ச்சொல் 'கன்சீல்', அதாவது மறைத்தல். ஆகவே எதிர்ச்சொல் சொல்லுக்கு அமைவதன்று, பொருளுக்கு அமைவது என்பது தெளிவு. நம் தமிழிலும் 'காட்டிக் கொடுத்தல்' என்னும் தொடர் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்பது எண்ணி மகிழத்தக்கது. நண்பனைக் காட்டிக் கொடுத்தான் என்கிறோம். முகம் மனத்தைக் காட்டிக் கொடுத்தது என்றும் சொல்கிறோம் அன்றோ?

'டிஃபை' என்பதன் வரலாறு வேறு. 'நம்பிக்கைக்குரிய' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லோடு மறுப்பு முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தது அது. தலைவனுக்கு அளித்த விசுவாசத்தைத் துறப்பதாக அறிவிப்பதே அதன் பழம்பொருள். அன்று அதற்கு எதிர், வாக்குறுதி காத்தல். இன்றோ அது ஆணையை எதிர்த்து நிற்பதைக் குறிக்கிறது. எனவே இன்றைய எதிர்ச்சொற்கள் 'ஒபே', 'சப்மிட்' என்பன. இவையும் ஒன்றல்ல. முன்னது கீழ்ப்படிதல்; பின்னது அடிபணிதல். முறையான ஆணைக்குக் கீழ்ப்படிகிறோம், வலிமைக்கு அடிபணிகிறோம். 'வருணனையை டிஃபை செய்யும் அழகு' என்பதைச் 'சொல்லுக்கு அடங்காத அழகு' எனலாம். அங்கே எதிர்ச்சொல் அடங்குதல்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1930 ஏப்ரலில் காந்தியடிகள் தண்டியிலும், இராஜாஜி வேதாரணியத்திலும் உப்புச் சட்டத்தை மீறினார்கள். அதனை நம் மக்கள் 'சட்ட மறுப்பு' என்றே வழங்கினர். எத்துணைப் பொருத்தமான சொல்! மறுக்கப்பட்டது ஒரு சட்டம். மறுத்தவர் ஒளிந்தோடாமல் தண்டனையையும் ஏற்றார். கீழ்ப்படிய மறுத்தவர் அவர். எவரையும் காட்டிக் கொடுத்தவர் அல்லர்.

ஆயினும் 1922இல் அகமதாபாத்தில் அதே காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்த 124ஏ பிரிவின் குற்றத்தை 'இராஜத் துரோகம்' என்று வழங்கினோம். அப்பிரிவின் ஆங்கில வாசகத்தில் இருந்த சொல் 'டிஸ்அஃபெக்ஷன்'. அதற்கு எதிர்ச்சொல் அன்பு. அரசிடம் அன்பு இல்லாமை என்பது தமிழில் துரோகமாகவே ஆகிவிட்டது. அப்பிரிவைக் கொண்டிருந்த தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. எனினும், மறுத்துப் பேசுபவரைத் துரோகி என்றழைக்கும் சொற்பழக்கம் சட்டத்தோடு மறைந்துவிடுவதில்லை.

அலுவலகக் கோப்புகளிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். மேலதிகாரியின் ஆணையை மீறிய ஊழியர் கீழ்ப்படியாதவர். இரகசியத்தைப் பிறருக்கு விற்றவரே காட்டிக் கொடுத்தவர். முன்னவர்க்குப் பின்னவர் பெயரைச் சூட்டினால், பிழை ஒரு சொல்லில்தான். ஆனால் அதனால் இழக்கப்படுவது ஒரு மனிதரின் நற்பெயர்.

வெளிமாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் ஆங்கிலமும் அவ்வட்டார மொழியும் பயின்று, வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் என்னவென்று அவர்கள் கேட்டால், 'எந்த வாக்கியத்தில்?' என்று நாம் திருப்பிக் கேட்போமாக. சொல்லை நிறுத்துப் பார்க்கும் பழக்கம், பின்னர் மனிதரையும் நிறுத்துப் பார்க்கக் கற்றுத் தரும்.