மரபணுவை மௌனமாக்க எத்தனை கம்பெனி வேணும்?

"இந்த பயோடெக் கம்பெனி அந்த மருந்துக் கம்பெனியோட இத்தனை கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருக்கு"ன்னு அடிக்கடி செய்தி வரும். படிச்சிட்டு அடுத்த செய்திக்குப் போயிடுவோம். ஆனால் ஒரு மருந்து நோயாளி கைக்கு வருமா, வராதா என்பதைப் பல நேரம் அந்த ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. மரபணுவை மௌனமாக்கும் சிகிச்சையை எடுத்துக்கொண்டு, அது எப்படின்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

முதல்ல அறிவியலைச் சுருக்கமா சொல்லிடறேன். நம் டி.என்.ஏ. என்பது பீரோவில் பூட்டி வைத்த அசல் பத்திரம் மாதிரி. செல் அந்த அசலை வெளியே எடுக்காது. ஒரு ஜெராக்ஸ் போட்டு அனுப்பும். அதுதான் தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்துத்தான் புரதம் தயாராகிறது. கெட்ட புரதம் தயாராகிற நோய்களில், அசலைத் தொடாமல் ஜெராக்ஸை மட்டும் கிழித்துப் போட்டால் என்ன? இதுதான் அடிப்படை யோசனை. இரட்டை இழை ஆர்.என்.ஏ. இந்த வேலையைச் செய்யும் என்று ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-ல் ஒரு சின்னப் புழுவில் காட்டினார்கள். 2006-ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

அசல் அப்படியே இருப்பதால் புது ஜெராக்ஸ் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கணும். அதைவிடப் பெரிய சிக்கல், மருந்தைச் செல்லுக்குள் கொண்டு சேர்ப்பது. ஆர்.என்.ஏ.வை அப்படியே ரத்தத்தில் விட்டால் சீக்கிரமே சிதைந்துவிடும். கூட்டாளிகள் தேவைப்பட்டது முக்கியமாக இங்கேதான்.

2002-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய அல்நைலம் கம்பெனியைப் பாருங்க. 2005-ல் நோவார்ட்டிஸுடன் ஒப்பந்தம். 2007-ல் ரோச்சுடன் ஒப்பந்தம். ரொக்கமும் பங்கு முதலீடுமாக முதலிலேயே 33.1 கோடி டாலர் வந்தது. இதற்கிடையே மெர்க், சிர்னா என்ற போட்டிக் கம்பெனியை 110 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போ இருந்த உற்சாகம் அப்படி.

2005-லேயே இன்னொரு கூட்டும் நடந்தது. இது மருந்துக் கம்பெனியோட இல்ல, மருத்துவக் கருவி செய்யும் மெட்ட்ரானிக்கோட. குறி ஹண்டிங்டன் நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்புள்ள மூளை நோய். ரத்தத்தில் போடுற மருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. அதனால உடம்புக்குள் பொருத்தின பம்ப்பிலிருந்து மெல்லிய குழாய் வழியே மருந்தை நேராக மூளைக்கே அனுப்பலாம் என்பது திட்டம். யோசனை சரிதான். ஆனால் மருந்து, கருவி, மூளை அறுவை மூன்றும் பாதுகாப்பானவை என்று ஒரே சோதனையில் நிரூபிக்கணும். அந்தத் திட்டத்திலிருந்து சந்தைக்கு எந்த மருந்தும் வரவில்லை.

பிறகு ரோச்சும் அயோனிஸும் வேறு வழியில் முயன்றார்கள். மருந்தை முதுகுத்தண்டு நீரில் ஊசியாகப் போட்டார்கள். 2021 மார்ச்சில் அந்தப் பெரிய சோதனையில் மருந்து கொடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. அடிக்கடி ஊசி போட்டுக்கொண்டவர்களின் நிலை, மருந்தில்லா ஊசி போட்டவர்களைவிட மோசமாக இருந்தது. மருந்து மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது என்று அப்போது தெரிந்தது. காத்திருந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று யோசிச்சுப் பாருங்க.

சரி, 2010-க்கு வருவோம். அந்த வருடம் நோவார்ட்டிஸ் விலகியது. ரோச், ஆர்.என்.ஏ. இடையீட்டு ஆராய்ச்சியையே மூடியது. அல்நைலம் ஆட்களைக் குறைத்தது. 2014-ல் மெர்க், 110 கோடிக்கு வாங்கிய சிர்னாவை 17.5 கோடி டாலருக்கு அல்நைலத்திடமே விற்றது.

அந்த நேரத்தில் ஆய்வகத்தில் ஒரு வழி திறந்துகொண்டிருந்தது. கல்லீரல் செல்களின் மேல் ஒரு குறிப்பிட்ட சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி உண்டு. அந்தச் சர்க்கரையை மருந்தோடு ஒட்டிவிட்டால், தோலுக்கடியில் போடும் சாதாரண ஊசியே போதும். பம்ப் வேண்டாம், அறுவை வேண்டாம். 2014-ல் சனோஃபியின் ஜென்சைம் 70 கோடி டாலர் போட்டு சுமார் 12 சதவீதப் பங்கு வாங்கியது. 2018 ஆகஸ்டில் முதல் மருந்தான பாட்டிசிரானுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. அது கொழுப்புத் துகளில் பொதிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றுவது. அப்போதைய பட்டியல் விலை வருடத்துக்குச் சுமார் 4.5 லட்சம் டாலர்!

சர்க்கரை ஒட்டிய இன்க்ளிசிரான் என்ற கொழுப்பு மருந்தை 2013-ல் மெடிசின்ஸ் கம்பெனி உரிமம் வாங்கி வளர்த்தது. முதல் இரண்டு ஊசிக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. கெட்ட கொழுப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. 2019-ல் அந்த மெடிசின்ஸ் கம்பெனியை 970 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது யார் தெரியுமா? 2010-ல் விலகிப்போன அதே நோவார்ட்டிஸ்!

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயம். ஒன்று, தலைப்பில் வரும் தொகையை நம்பிவிடாதீங்க. வீடு கட்டும்போது கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ், பேஸ்மென்ட், லிண்டல், கூரைன்னு கட்டம் கட்டமாகக் கொடுப்போமே, அதே மாதிரிதான். ரோச் ஒப்பந்தம் நூறு கோடி டாலரைத் தாண்டலாம் என்றார்கள். பாதியில் நிறுத்தினால் மிச்சம் வராது. கையில் வந்தது எவ்வளவு என்று பாருங்க.

இரண்டு, கூட்டாளி போய்விட்டால் மருந்தும் சோதனைத் தரவுகளும் யாரிடம் இருக்கும்? பெரிய கம்பெனி ஒரு துறையை விட்டுப் போவது அதன் கணக்கில் ஒரு வரி. உரிமை கண்டுபிடித்தவர்களிடம் திரும்பினால் வேலை தொடரலாம். அலமாரியில் முடங்கினால் நோயாளிக்கு அது பல வருடம். ஹண்டிங்டன் குடும்பங்களுக்கு அத்தனை வருடம் கையில் இல்லை.

மூளைக்கான முயற்சி நிற்கவில்லை. 2019-ல் ரீஜெனரான் அல்நைலத்துடன் கண், மூளை நோய்களுக்காகச் சேர்ந்தது. அடுத்த முறை இப்படி ஒரு ஒப்பந்தச் செய்தி பார்த்தால், இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுப் பாருங்க.