சூலகித்தி நரசம்மா

கன்னட நாட்டில் குடியேறி வாழும் நம்மவர் பலருக்குச் 'சூலகித்தி' என்னும் சொல் காதில் விழுந்திருக்கும். மருத்துவச்சி என்பது அதன் பொருள். அச்சொல்லின் முன்பாதியில் நிற்கும் 'சூல்' நமக்கு வேற்றுச் சொல் அன்று. கருவுற்ற பெண்ணைச் 'சூலி' என்று வழங்கியவர்கள் நம் முன்னோர். அந்தத் தொழிற்பெயரே பட்டப் பெயராக ஒட்டிக்கொண்ட மூதாட்டி ஒருவர் அண்மைக்காலம் வரை வாழ்ந்திருந்தார். பாவகடா நரசம்மா என்னும் அவ்வம்மையாரின் வாழ்க்கையை இன்று நாம் நினைவுகூர விரும்புகிறோம்.

பாவகடா வட்டம் கருநாடகத்தின் தும்கூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஆந்திர மண் அதனைச் சூழ்ந்திருப்பதைக் காணலாம். பாறைக் குன்றுகளும் மானாவாரி நிலங்களும் நிறைந்த, மழை அடிக்கடி பொய்க்கும் வறண்ட பகுதி அது. இன்று அவ்வட்டம் மாபெரும் சூரிய மின் நிலையத்தால் பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் நாம் பேசப்போகும் காலத்தில் அங்கே இரவில் பிள்ளைப்பேறு பார்க்க எண்ணெய் விளக்கையன்றி வேறு ஒளி இல்லை.

அவ்வட்டத்துக் கிருஷ்ணாபுரம் என்னும் சிற்றூரில் 1920ஆம் ஆண்டில் ஓர் ஏழைக் குடும்பத்தில் நரசம்மா பிறந்தார். அவருடைய தாய்மொழி தெலுங்கு. பள்ளிக்கூடத்து வாயிலை அவர் மிதித்ததில்லை. 12ஆம் வயதிலேயே மணம் முடிந்தது. 12 மக்களைப் பெற்ற அவர், அவர்களுள் நால்வரை இளம் பருவத்திலேயே பறிகொடுத்தார். பிள்ளையை இழக்கும் துயரம் எத்தகையது என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு ஆசிரியர் அவருடைய பாட்டியே. நரசம்மாவின் மக்களுள் சிலர் இவ்வுலகைக் கண்டதும் அப்பாட்டியின் கைகளில்தான். 1940ஆம் ஆண்டில், தம் 20ஆம் வயதில், உறவுப் பெண் ஒருவருக்குப் பேறுகாலத்தில் துணை நின்றதே அவருடைய முதற் பணி. ஊருக்கு வந்து தங்கிச் செல்லும் நாடோடிக் குடியினரின் பெண்களுக்கும் அவர் பேறு பார்த்தார். அவர்களிடமிருந்து பச்சிலை மருந்துகள் செய்யும் முறையைக் கற்றுக்கொண்டார். வயிற்றின்மேல் கை வைத்த அளவிலேயே குழந்தையின் தலை எப்புறம் இருக்கிறது, அதன் நிலை எவ்வாறு உள்ளது என்பதை உணரும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது என்பர்.

70 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்பணியில் அவர் ஏந்திய குழந்தைகள் 15,000க்கு மேல் என்று கணக்கிடுகின்றனர். பகுத்துப் பார்த்தால் வாரத்திற்கு நான்கு குழந்தைகள். வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தாலும், தம் பிள்ளைக்கே காய்ச்சல் கண்டிருந்தாலும், அழைப்பு வந்தால் எழுந்து செல்ல வேண்டிய பணி அது. இவ்வளவுக்கும் அவர் கூலி பெற்றதில்லை. முதுமையில் அவரைச் சுற்றிப் பேரன் பேத்திகள் பலர் இருந்தனர். எனினும் அவரைப் பாட்டி என்று அழைக்கும் உரிமை அவர்களோடு நின்றுவிடவில்லை. தாயை ஏந்திய கைகளே மகளையும், மகளின் மகளையும் ஏந்துமாயின், அக்கைகளுக்கு உரியவரை வேறு எவ்வாறு அழைப்பது?

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. கை எவ்வளவு தேர்ந்ததாயினும், பேற்றின்போது பெருகும் குருதியை நிறுத்த மருந்து வேண்டும்; இழந்த குருதியை ஈடுசெய்ய வேற்றார் குருதி வேண்டும்; குழந்தை குறுக்கே கிடக்குமாயின் அறுவைக்கூடம் வேண்டும். இவை எட்டாமையால் மாண்ட தாய்மார் நம் நாட்டில் எண்ணிலர். 1992-93ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டுக் குழந்தைகளுள் நான்கில் ஒன்றே மருத்துவ நிலையத்தில் பிறந்தது. 2019-21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது நூற்றுக்கு 88ஆக உயர்ந்துவிட்டது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. மருத்துவமனை வந்தபின் மருத்துவச்சி எதற்கு என்று கேட்பவர் உண்டு. மருத்துவமனை வரும்வரை அத்தாய்மார் யாரை நம்பி இருந்தனர் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குரிய விடையே நரசம்மாவின் வாழ்க்கை.

நாடு அவரைக் காலம் கடந்தே கண்டுகொண்டது. 2014ஆம் ஆண்டில் தும்கூர்ப் பல்கலைக்கழகம், எழுத்தறியாத அவ்வம்மையாருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள், நுரையீரல் நோயால் பெங்களூரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 98.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வாழ்க்கையில் தனியானதொரு பங்கு உண்டு. தலைச்சன் பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வது நம் வழக்கம். வளைகாப்பு முடித்து, இரயிலேற்றி, ஊருக்கு அனுப்பிவைப்போம். அடுத்தடுத்த பேறுகளுக்கு அவ்வாறு அனுப்ப எல்லோராலும் இயன்றதில்லை. விடுமுறை கிடைப்பதில்லை, மூத்த பிள்ளையின் பள்ளி இருக்கிறது, கையில் பணமும் இருப்பதில்லை. அவ்வேளைகளில் பக்கத்துத் தெருவிலிருந்து விரைந்து வந்தவர் கன்னடமோ, தெலுங்கோ, மராத்தியோ, வங்காளமோ பேசிய ஒரு மூதாட்டி. வலியில் நம் தாய் தமிழில் அலறினாள். அம்மூதாட்டி தம் மொழியில் தேறுதல் சொன்னார். இருவருக்கும் பொருள் விளங்கிற்று. நம்முள் எத்தனையோ பேர் இம்மண்ணில் முதன்முதல் கேட்ட மனிதக்குரல் அத்தகைய ஒருத்தியின் குரலே.

பழந்தமிழ் இலக்கியத்தில் தலைவியை வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றனர். பெற்றவள் நற்றாய், பேணியவளும் தாயே. மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவோருக்கு இன்று நாம் அச்சொல்லையே வழங்குகிறோம். ஆதலின் நேயர்களே, உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பின் இன்று ஒரு கேள்வி கேளுங்கள். நாம் பிறந்தபோது நம்மை ஏந்திய கைகள் யாருடையவை? பெயர் தெரிந்தால் குறித்து வையுங்கள். அவர் இன்னும் இருந்தால், பிள்ளைகளை அழைத்துச் சென்று அவரைக் கண்டு வணங்கி வாருங்கள்.