கல் சுமந்தவர்களின் சேரி எங்கே இருந்தது?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு வரலாற்றுப் பயணம் கிளம்பும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நாளை காலை கிளம்புகிறீர்கள். சாத்தனூர் கல்மரம், ரஞ்சன்குடிக் கோட்டை, கங்கைகொண்ட சோழபுரம், மாளிகைமேடு என்று பட்டியல் கையில் இருக்கிறது. எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். எந்தக் கண்ணோடு பார்க்கப்போகிறோம் என்பதை மட்டும் இன்று பேசிக்கொள்வோம்.

முதலில் சாத்தனூர். அங்கே கிடப்பது ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள, கல்லாகிப்போன மரம். நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைப் பதிவு செய்தார். 12 கோடி ஆண்டுப் பழமையானது என்கிறார்கள். அந்தக் காலத்துக் கடல்கள் இங்கே விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் இன்று வெட்டுகின்றன. நம் பட்டியலில் சாதி தீண்டாத ஒரே இடம் இதுதான். மனிதர்களே தோன்றாத காலத்து மரம் அல்லவா! சாதி ஆதியிலிருந்தே இருக்கிறது என்று யாராவது சொன்னால் இந்த மரத்தைக் காட்டுங்கள்.

அடுத்தது ரஞ்சன்குடி. ஆற்காடு நவாபின் கீழிருந்த ஜாகிர்தார் ஒருவர் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை. 1751இல் முகமது அலிக்காக ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டாபுரம் பக்கம் மோதிக்கொண்டபோது இந்தக் கோட்டையும் அந்தப் போரில் சிக்கியது. அகழியைத் தாண்டி நீங்கள் உள்ளே போகும்போது யாரும் உங்கள் சாதியைக் கேட்க மாட்டார்கள். அது தானாக வந்த உரிமை இல்லை என்பதற்கு வேறொரு கோட்டையின் கதையைச் சொல்கிறேன்.

1934இல் அண்ணல் அம்பேத்கர் சுமார் 30 தோழர்களோடு எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பினார். வழியில் நிஜாம் சமஸ்தானத்தின் தௌலதாபாத் கோட்டை. பயணத் தூசியைக் கழுவ, வாசலருகே இருந்த சிறு குளத்தில் முகமும் காலும் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். கூட்டம் கூடி ஏசியது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, காவலுக்கு ஆயுதம் தாங்கிய ஒரு சிப்பாயையும் கூட்டி அனுப்பினார்கள். லண்டனில் வட்டமேசை மாநாட்டில் பேசிவிட்டு வந்த மனிதருக்கு நடந்தது இது. சூழ்ந்து நின்றவர்கள் முஸ்லிம்கள். சாதி நோய் மதம் பார்த்துத் தொற்றுவதில்லை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அம்பேத்கரே இதை எழுதியிருக்கிறார். பயணத்துக்கு முன் படித்துவிடுங்கள், சிறிய நூல்தான்.

இனி கிழக்கே கங்கைகொண்ட சோழபுரம். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்களை அங்கே அழைத்துப்போன ஆசிரியர், விமானத்தைக் காட்டி "இது நம் முன்னோர் கட்டியது" என்றார். அந்த 'நம்' என்ற சொல்லில் நான் இருக்கிறேனா என்ற கேள்வி அன்றே எழுந்தது. என் ஆய்வே அங்கிருந்துதான் தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

1025ஐ ஒட்டி ராஜேந்திர சோழன் தலைநகரை இங்கே மாற்றினான். கோயிலை எழுப்பினான், சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டினான். வெட்டினான் என்று சொல்கிறோம். மண்வெட்டி பிடித்தது யார்? சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது கூலியில்லாக் கட்டாய உழைப்பின் பெயர். இன்றும் வீணாய்ப் போன உழைப்பை 'வெட்டி வேலை' என்கிறோம். ஆயிரம் ஆண்டுக் கூலி பாக்கி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

அவனுடைய தந்தை ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் பாருங்கள். கோயிலுக்கு வரி தர வேண்டிய ஊர்களைச் சொல்லும்போது, வரியில்லா நிலங்களைத் தனியே கழிக்கிறார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி என்றும் வருகிறது. பறைச்சுடுகாடு என்று சுடுகாடும் தனியாக வருகிறது. பொற்காலம் என்கிறார்களே, அந்தக் காலத்தில் பிணத்துக்கும் தனி இடம்தான். கோயில் சுவரிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

1836இல் ஆங்கிலேயர் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஆக, அந்தக் கற்கள் இரண்டு முறை சுமக்கப்பட்டிருக்கின்றன. கட்டிய மன்னன் பெயரும் அணை கட்டிய ஆர்தர் காட்டன் பெயரும் நமக்குத் தெரியும். சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது.

2025 ஜூலை 27 அன்று பிரதமர் இங்கே வந்து ராஜேந்திரன் நினைவு நாணயத்தை வெளியிட்டார். ஆடித் திருவாதிரைக்கு மாநில அரசும் விழா எடுக்கிறது. மன்னன் எங்கள் சாதி என்று பல சாதிகள் சுவரொட்டி ஒட்டுகின்றன. நம் இளைஞர்கள் சிலரும் இந்தப் போட்டியில் இறங்குகிறார்கள். வேண்டாம் தோழர்களே. மன்னன் யார் சாதியாக இருந்தால் என்ன? அவன் ஆட்சியில் நம் சேரி எங்கே இருந்தது, நம் சுடுகாடு ஏன் தனியாக இருந்தது என்று கேளுங்கள். கோயிலின் அழகை ரசிக்கவும் தயங்காதீர்கள். அந்த அழகில் நம் உழைப்பு இருக்கிறது. ஆனால் 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை, சட்டப்படி நுழையும் உரிமைகூட நமக்கு இருந்ததில்லை.

உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டு இடங்களைச் சேர்க்கச் சொல்கிறேன். ஒன்று செந்துறை வட்டத்துக் குழுமூர், அனிதாவின் ஊர். அவருடைய அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவர். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார் அனிதா. நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அவர் பெயரில் ஊரில் ஒரு நூலகம் இருக்கிறது. மற்றொன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி. 2023 மார்ச்சில் அங்கே திறந்த அரங்கத்துக்கு அனிதா பெயரை வைத்திருக்கிறார்கள். மாணவியாக உள்ளே போக முடியாமல் போனவர் பெயர் இன்று ஒரு மருத்துவக் கல்லூரிச் சுவரில் இருக்கிறது. அதன் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். யார் சுமக்க வேண்டும், யார் உள்ளே நுழையலாம் என்று வகுத்த கணக்கு சோழர் காலத்தோடு முடிந்துவிட்டதா என்று யோசியுங்கள்.

குறிப்பேடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு இடத்திலும் கட்டியது யார், அவர்கள் குடியிருந்தது எங்கே, எந்த ஆண்டிலிருந்து எல்லோரும் உள்ளே போக முடிந்தது என்று எழுதுங்கள். பலகையில் பதில் இருக்காது. பக்கத்துக் காலனியில் வயதானவர்களைக் கேளுங்கள். தேர் எந்தத் தெருவோடு திரும்பும், தண்ணீர் எங்கே எடுத்தார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். அதை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.