பஸ் ஒரு வேற்றுமை உருபு

இன்னைக்கு ஒரே ஒரு லத்தீன் பெயரடை: ஓம்னிஸ். 'எல்லா', 'ஒவ்வொரு' என்று பொருள். இதன் வேர் பற்றி அறிஞர்களிடம் ஒத்த கருத்து இல்லை. வளம், செல்வம் என்று பொருள்படும் 'ஓப்ஸ்' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதை விடுங்க, சுவாரசியம் இதோட உருமாற்றத்துலதான் இருக்கு.

தமிழில் பெயரடை மாறாது. நல்ல பையன், நல்ல பையனுக்கு, நல்ல பையன்களுக்கு. 'நல்ல' அசையவே அசையாது. லத்தீன்ல அப்படி இல்ல. பெயர்ச்சொல் எந்தப் பால், எந்த எண், எந்த வேற்றுமையோ, பெயரடையும் கூடவே மாறணும். கோட்ல ஒரே மாற்றத்தை ரெண்டு ஃபைல்ல பண்ற வேலைதான்! ஓம்னிஸ் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஆண்பால், பெண்பால் ரெண்டுக்கும் ஓம்னிஸ், நியூட்டருக்கு ஓம்னே. 'எல்லாருடைய' என்றால் ஓம்னியும். 'எல்லாருக்கும்' என்றால் ஓம்னிபுஸ். இது மூணு பாலுக்கும் ஒண்ணுதான்.

1826-ல் பிரான்ஸின் நான்த் நகரில் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி ஓட்டிய குதிரை வண்டிகளுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கிச்சு. 1828-ல் பாரிஸ், 1829-ல் ஷில்லிபியர் மூலமா லண்டன். பெயர் வெறும் அலங்காரம் இல்ல. 1662-ல் பாஸ்கல், அதாங்க நம்ம ஃபிசிக்ஸ் பாஸ்கல், பாரிஸ்ல தொடங்கின அஞ்சு சோல் கட்டண வண்டியில் சிப்பாய்கள், ஏவலாட்கள், கூலிக்காரர்கள் ஏறக்கூடாதுன்னு அங்கிருந்த நீதிமன்றமே தடை போட்டிருந்தது.

லண்டன்ல பெயரைச் சுருக்கினப்போ 'எல்லா' இருந்த தலையை வெட்டிட்டு வாலை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. அந்த வால் ஒரு வேற்றுமை உருபு. 'எல்லாருக்கும்'ல எல்லாரையும் இறக்கிவிட்டுட்டு, "உக்கும் வந்துடுச்சா?"ன்னு ஸ்டாப்ல நின்னு கேக்கிற மாதிரி!

வெட்டின தலை நம்ம ஊர்ல கிடைக்குது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, டிரைவரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதற்காகக் கட்டிய எந்த மோட்டார் வண்டியும் ஆம்னிபஸ்தான். டவுன் பஸ்ஸும் அதில் அடக்கம். ஆனா பேச்சுல அது ரெண்டா உடைஞ்சு, 'ஆம்னி' என்பது தனியார் வண்டிக்கு மட்டும் பெயரடை ஆயிடுச்சு. தீபாவளிக்கு முந்தின ராத்திரி, ஆம்னி டிக்கெட் விலையைப் பார்த்துட்டு அரசு பஸ் வரிசைக்கு வர்றவங்ககிட்ட, அந்தப் பெயருக்கு அர்த்தம் 'எல்லா'ன்னு சொல்லிப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.