தாகமும் தண்ணீரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் பருக வேண்டும் என்னும் வினா நம் டில்லிக் காலனியில் கோடைதோறும் எழுகின்றது. எட்டுத் தம்ளர் என்பார் சிலர். நான்கு லிட்டர் என்பார் சிலர். சென்ற வைகாசியில், ஊரிலிருந்து மகன் இல்லம் வந்திருந்த மூதாட்டியார் ஒருவர் நண்பகலில் மயங்கி விழுந்தார். தெளிந்தபின் அவர் சொன்னது: "தாகமே எடுக்கவில்லையே! வேர்க்கவும் இல்லையே!" உடலில் நீர் வற்றியது என்றார் மருத்துவர்.

மூதாட்டியார் சொன்னதில் பொய் இல்லை. அவரை ஏமாற்றியது டில்லிக் காற்று. சென்னையிலும் நாகையிலும் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழிந்து நிற்கும். இங்கோ மே மாதத்தில் 40 பாகைக்கு மேல் வெப்பம் ஏற, 'லூ' என்னும் வறண்ட அனற்காற்று வீசுகின்றது. வியர்வை தோன்றிய கணமே ஆவியாகின்றது. ஆடை நனைவதில்லை, உடலோ நீரை இழந்துகொண்டே இருக்கின்றது. முதுமையில் தாக உணர்வும் மங்கும். இரவில் எழவேண்டுமே என அஞ்சியும், இரயிற் பயணத்தில் கூசியும் நீரைக் குறைப்போரும் நம்மிடையே உளர்.

எட்டுத் தம்ளர்க் கணக்கு எங்கிருந்து வந்தது? 1945-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு வல்லுநர் குழு ஒன்று, நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் தகும் என்றது. அதிற் பெரும்பகுதி உணவிலேயே அடங்கியுள்ளது என்றும் உடன் எழுதிற்று. முன்னது பரவிற்று, பின்னது மறந்து போயிற்று. கணக்கின் தோற்றம் இதுவே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 2004-இல் அந்நாட்டு அறிஞர் குழு, உணவில் உள்ள நீரையும் சேர்த்து, ஆடவர்க்கு 3.7 லிட்டரும் மகளிர்க்கு 2.7 லிட்டரும் எனக் குறித்தது. மோரும் இரசமும் கஞ்சியும், ஏன், நம் காப்பியுங்கூட இக்கணக்கில் சேரும். வெயிலும் உழைப்பும் மிகுந்தால் தேவையும் மிகும்.

ஆகவே எல்லார்க்கும் ஒரே அளவு இல்லை. நலமுள்ள நடுவயதினர்க்குத் தாகமே நல்ல வழிகாட்டி. சிறுநீர் வெளிர்மஞ்சளாயின் நீர் போதும். அடர்மஞ்சளாயின் பெரும்பாலும் குறைவு. மிகையும் தீங்கே: குறுகிய நேரத்தில் பல லிட்டர் பருகினால் குருதியில் உப்புச் செறிவு தாழ்ந்து உயிர்க்கே இடர் நேரலாம். இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளோர் மருத்துவர் குறித்த அளவையே கொள்க. தாய்ப்பால் பருகும் மகவுக்கு ஆறு திங்கள் வரை, கோடையிலும், தண்ணீர் வேண்டா. வெயிலில் நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது; உடலை நீரால் நனைத்து, விசிறி, மருத்துவமனைக்கு விரைக.

நம் விண்ணப்பம் ஒன்றே. இக்கோடையில் இல்லத்து முதியவரிடம் "தாகமா?" என வினவ வேண்டா. வேளைதோறும் தம்ளரைக் கையிற் கொடுத்து, அவர் பருகும் வரை அருகில் அமர்ந்திருப்போம்.